சக்கில் விட்ட சாவி

கம்பியை இறுக்கிய சாவியை, லேத்தில் அதைக் கவ்விப் பிடிக்கும் சக்கிலேயே மறந்துவிட்டு சுவிட்ச் போட்டதால், அது பறந்து நெற்றியில் அடித்ததில் செத்தார் என் அண்ணன் வைத்திலிங்கம்.

ஒரு வருடம் கழித்து, 1958இல், உப்பளத்தில் அண்ணன் வீட்டில் சும்மா கிடந்த அந்தச் சின்ன லேத்தை நான் ஓட்டிப் பார்த்தேன். ஆடியது. காலுக்கடியில் தகரம் கொடுத்து மட்டம் பார்த்தேன். கம்பியை இறுக்கி சுவிட்ச் போட்ட பிறகுதான், சாவியை எடுக்காதது உறைத்தது. ஒன்றும் பறக்கவில்லை. எனக்கு எட்டாத ஜன்னல் கட்டையில் சாவி இருந்தது, ஈரமான எண்ணெய் விரல் தடத்தோடு.

பார்த்துக்கொண்டிருந்த அண்ணி சொர்ணம் சொன்னாள்: "உசுரோட இருக்கையில ஒரு நாளும் ஒழுங்கா எடுத்து வெக்கல. இப்பத்தான் அவருக்கு ஞாபகம் வருது."

மறுநாள் சாவியை நானே கழற்றி வைத்தேன். அண்ணி அதை எடுத்து மறுபடி சக்கில் மாட்டினாள்.

"போடு தம்பி. இன்னொரு வாட்டி பாத்துக்கறேன்."