கூடிப்போன புளி

"நோன்பு திறக்க வந்தவங்க நேத்தும் மூஞ்சியைச் சுளிச்சாங்க, சித்தான். மூணு நாளா உன் கம்புக் கஞ்சியில ஒரே புளி!" என்றாள் பக்கத்து வீட்டு ஜெனெபா குலிபாலி.

"காராமணி தின்னிக் குலிபாலிக்குக் கஞ்சி ருசி என்ன தெரியும்?" என்று வழக்கம்போல் குலத்தைச் சொல்லிக் கேலி செய்த சித்தான், கணவரின் அறைக்குக் கேட்கும்படி அலுத்துக்கொண்டாள். "நோன்பு வெச்சிருக்கேன். நாக்குல வெச்சுப் பார்க்கவா முடியும்?"

உள்ளே ஜூமானா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சிறுநீரக ஆபரேஷனுக்குப் பிறகு, நோன்பு வைக்கவே கூடாது, பகலில் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "வீடே பசியோட இருக்கும்போது நான் மட்டும் மெல்லணுமா?" என்று மூன்று நாளாகப் பகலில் தட்டைத் தொடவில்லை.

இப்போது எழுந்து வந்தார்.

"கொண்டா, நான் பார்க்கறேன்."

ஒரு அகப்பை குடித்தார். "புளி ஜாஸ்தி. சர்க்கரை போடு." இன்னொன்று குடித்தார். "இன்னும் கொஞ்சம்." ஆறாவது அகப்பையில்தான் தலையாட்டினார். "இப்பதான் சரி. நாளைக்கும் என்னைக் கூப்பிடு."

மாத்திரையை விழுங்கிவிட்டு, நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பாய் விரிக்க முற்றத்துக்குப் போனார்.

ஜெனெபா குரலைத் தாழ்த்தினாள். "இருபது வருஷமா ருசி பார்க்காமத்தானே காய்ச்சுறே? ஒரு நாளும் தப்பினதில்லையே. உன் கைக்கு என்ன ஆச்சு?"

"கைக்கு ஒண்ணும் ஆகலை" என்ற சித்தான், புளி ஜாடியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு இன்னும் ஒரு பிடி கூடப் போடணும். ஆறு அகப்பை அவருக்குப் பத்தாது."