பொட்டு வைத்த பெல்ட்

ஒரு டீசல் காரின் இன்ஜின் பல்சக்கரங்களில் மாட்ட வாங்கிவந்த புது டைமிங் பெல்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. கழற்றிப் போட்டிருந்த பழைய பெல்ட்டிடம், "ஓய்வெடுங்கண்ணே, இனி நான் ஓடுறேன்" என்றது.

கார்க்காரர் கோதண்டம் வீடியோ பார்த்து வீட்டு வாசலிலேயே வேலை செய்தார். பெல்ட் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்குப் பல்சக்கரங்களில் ஆளுக்கொரு புள்ளி வைத்தார். பெயின்ட் இல்லாததால் குங்குமம்.

அவர் காப்பி குடிக்கப் போனதும் மனைவி சுலோச்சனா வந்தாள். "ஒத்தைப் பொட்டா வைப்பாங்க?" என்று சக்கரங்களைத் திருப்பித் திருப்பி மும்மூன்று பொட்டு வைத்தாள். பெல்ட்டுக்கும் ஒன்று வைத்தாள்.

"இதுல என் இடம் எது?" என்று பதறியது புது பெல்ட்.

"எனக்கே தெரியல" என்றது பெரிய பல்சக்கரம். "ஒரு பல் தப்பினாலும் உள்ள வால்வும் பிஸ்டனும் மண்டையை உடைச்சுக்கும்."

கோதண்டம் திரும்பி வந்து பார்த்தார். தான் வைத்த பொட்டு எதுவென்று தெரியாமல் காரை மூடிவிட்டு, இரண்டு பெல்ட்டையும் சுவரில் ஒரே ஆணியில் மாட்டினார். சுலோச்சனா புதுசுக்குக் கொஞ்சம் பூ வைத்தாள்.

"அண்ணே, நாளைக்காவது ஓடுவேனா?"

"பொட்டு வச்சு, பூ வச்சு, சுவத்துல மாட்டிட்டாங்க" என்றது பழைய பெல்ட். "இந்த வீட்டுல அப்படி மாட்டினவங்க யாரும் எழுந்து ஓடினதில்ல, தம்பி."