கிட்ட வராத, புள்ள

தன் புருஷனுடைய சாரத்தை டிஸ்பென்சரிக்காரி ஜோசப்பின் உதறிக் கொடியில் போடுவதைப் பார்த்ததும் நல்லம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மாத்தளை டவுனில் மிளகுக் கடை வைத்திருக்கும் ஜைனுதீன் முதலாளி, கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையை அழகமுத்துவுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். கட்டிய பெண்டாட்டி வேலிக்கு இந்தப் பக்கம். ஜோசப்பின் அந்தப் பக்கம்.

"அவரு எப்படி இருக்காரு?"

"முத்துவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. இப்பதான் கஞ்சி குடுத்தேன். நீங்க இந்த வெயில்ல நிக்காதீங்க நல்லம்மா, வீட்டுக்குப் போங்க."

முத்துவாம்! பெற்ற தாய்கூட அவனை அழகமுத்து என்று முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவனும் ஜோசப்பினும் ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கல்யாணப் பேச்சு எழுந்து, கோயிலா சர்ச்சா என்ற தகராறில் நின்றுபோனதாக நாத்தனார் எப்போதோ சொன்னது இப்போது நெஞ்சில் முள்ளாகப் புரண்டது.

அழகமுத்து தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன். வடக்கில் சண்டை முற்றியிருந்த நேரம். வழிநெடுக செக்பொயின்ட். தமிழ்ப் பெயரென்றால் இறக்கி, விசாரணைக்கென்று கூட்டிப்போவதும் உண்டு. அதனால் ஒரு நடை போனால் திரும்பப் பிந்தும். இந்தத் தடவை ரொம்பவே பிந்தியது. திரும்பியவன் வீட்டுக்கு வரவில்லை, போன்தான் வந்தது.

"எனக்கு அம்மா போட்டிருக்கு. நீ கிட்ட வராத, புள்ள. இறங்கினதும் நானே வாரேன்."

நல்லம்மாவுக்கு அப்போது ஆறாம் மாதம். பல வருஷம் மாரியம்மன் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்து தங்கிய பிள்ளை. கிளினிக் மிஸ்ஸியும் கண்டிப்பாகவே சொன்னாள்.

"சின்னப் புள்ளைங்களுக்கு அம்மை வந்தா சொறிஞ்சிக்கிட்டே எந்திரிச்சிரும். பெரியாளுக்கு வந்தா நெஞ்சுல எறங்கி மூச்சையே அடைச்சிரும். ஒங்களுக்கு இதுவரைக்கும் வந்ததில்லைங்கிறீங்க, வயித்துலயும் புள்ள இருக்கு. அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க. ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

ஜோசப்பினுக்கு அந்தக் கவலை இல்லை. சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது, கன்னத்தில் தழும்புகூட இருக்கிறது. டிஸ்பென்சரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற வேலை வேறு. அவள் தாராளமாகப் போகலாம், வரலாம், பக்கத்தில் உட்காரலாம்.

வீட்டுக்கு வந்தால் நல்லம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கையால் கஞ்சி. அவள் துவைத்த சாரம். தனக்கும் சின்ன வயதில் ஒரு தடவை வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது. அந்தக் கன்னத்துத் தழும்பின்மேல்கூட அவளுக்குப் பொறாமை வந்தது.

மறுநாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு போய், ஜன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள்.

அழகமுத்து மார்புவரை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஜோசப்பின். அவளுடைய ஒரு கையைத் தோளுக்கு மேலாக இழுத்து இறுகப் பிடித்தபடி அவன் கண்ணை மூடியிருந்தான்.

நல்லம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். பளிச்சென்று சவரம் செய்த முகம். நெற்றியில் இல்லை, கன்னத்தில் இல்லை, கழுத்தில் இல்லை. ஒரு பொட்டுக் கொப்புளம்கூட இல்லை.

அவ்வளவும் பொய்!

கதவு சுவரில் மோதித் திறந்தது.

"அம்மா போட்டிருக்குன்னீங்களே, எங்க போட்டிருக்கு? காட்டுங்க பாப்போம்!"

அழகமுத்து திடுக்கிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். ஜோசப்பின் குறுக்கே வந்தாள்.

"நல்லம்மா, சொன்னாக் கேளுங்க. வெளிய போங்க."

"என்னைப் போகச் சொல்ல நீ யாருடி? புள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு நான் வேலிக்கு வெளிய நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள குடித்தனம் நடத்துறீங்களா?"

அவளைத் தள்ளிவிட்டு, நல்லம்மா ஒரே இழுப்பில் போர்வையை உருவினாள். அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

முதுகு முழுக்கக் கொப்புளம். வட்ட வட்டமாக, சிலது பொங்கி, சிலது உடைந்து சீழ் கட்டி, பச்சை இறைச்சியாகத் தெரிந்தது. இப்படியொரு கொடிய அம்மையை அவள் யாருக்கும் கண்டதில்லை.

போர்வை கீழே விழுந்தது. அப்படியானால் நிஜம்தான். பொறாமையில் புத்தி கெட்டு, வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டாள். வயிற்றை அணைக்கப் போன கை பாதியிலேயே நின்றது. அவனைத் தொட்ட கை அது.

"ஐயோ, தொட்டுட்டேனே! எம் புள்ளைக்கு ஏதும் ஆயிருமா? ஜோசப்பின், தண்ணி குடு, கையைக் கழுவணும். மாரியாத்தா, நான் செஞ்சதுக்கு எம் புள்ளையத் தண்டிச்சிறாத தாயே!"

சுவரோடு சாய்ந்தவளைத் தாங்கிப் பிடித்த ஜோசப்பின், அழகமுத்துவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனியும் மறைக்காத முத்து. இந்தப் பயத்துலயே அதுக்கு ஏதாச்சும் ஆயிரப் போவுது."

அழகமுத்து எழுந்து வந்தான். அந்தரத்தில் நின்ற நல்லம்மாவின் கையைப் பிடித்து, அவள் வயிற்றின் மேல் மெதுவாக வைத்தான்.

"பயப்படாத, புள்ள. விசாரணையில சிகரெட்டால சுட்டது தொத்தாது."