சொல்லித் தராத வீடு

"மெல்ல வாங்கோ மிஸ், பிள்ளை நித்திரை" என்று கிசுகிசுத்தபடி கதவைத் திறந்தாள் பேர்ணடெட்.

ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் காலையிலிருந்தே தூறல். ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கியது. சோபாவில் ஆறு வயது இவோன் வாய் லேசாகத் திறந்திருக்க, எங்கோ மிதந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் உள்ளே வந்த ஆய்வாளர் பூங்கோதைக்கும் கண் சொக்கியது. பூங்கோதை சரியாகத் தூங்கித்தான் பல நாளாயிற்று.

யாழ்ப்பாணத்தில் குண்டுச் சத்தத்தில் வளர்ந்து, ஆக்லாந்து வந்தும் அலறி எழும் குழந்தைகளுக்காக அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். படுக்கும்போது தாய் தாழ்ந்த குரலில் பிள்ளையை ஒரு படகில் ஏற்றி, மேகங்களுக்கு நடுவே மெல்ல மெல்லக் கூட்டிப்போக வேண்டும். அது பலிக்கிறதா என்று பார்க்கப் பாதித் தாய்மாருக்கு மட்டும் கற்றுக்கொடுத்தாள். மீதிப் பேரைச் சும்மா விட்டுவைத்தாள். பூங்கோதையின் அலுவலக பாஷையில் இவர்கள் ஒப்பீட்டுக் குழு. பேர்ணடெட்டின் பாஷையில் இது ஓரவஞ்சனை. அவள் அந்த மீதியில் ஒருத்தி.

மேலே ஒரு ஹெலிகாப்டர் தடதடத்தது. பூங்கோதை பதறிப்போய்க் குழந்தையைப் பார்த்தாள். முன்பு இந்தச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளிந்தவள், இப்போது தூக்கத்திலேயே லேசாகச் சிரித்தாள்.

தானாகவே சரியாகிவிட்டதே, அப்புறம் என் வழி எதற்கு? என்று நினைத்துக்கொண்டாள் பூங்கோதை.

"முடிவு வந்திட்டுதோ மிஸ்?"

"வந்திடுச்சுங்க."

"எங்கட பக்கத்துப் பிள்ளையள் நித்திரையில குறைவோ?" பேர்ணடெட் தேநீர்க் கோப்பையை நீட்ட மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

பாவம், எவ்வளவு பயந்திருக்கிறாள்! இவள் பிள்ளையைக் காக்க வைத்தோமே என்று பூங்கோதைக்கு வெட்கமாக இருந்தது.

"ஆய்வு முடிஞ்சதும் உங்களுக்கும் சொல்லித் தரேன்னு சொல்லியிருந்தேன் இல்லையா? மன்னிச்சிடுங்க அக்கா. இனி அது நடக்காது. திட்டத்தையே நிறுத்தப் போறாங்க."

"ஐயோ, ஏன்?"

"சொல்லித் தந்த வீடு, தராத வீடு, ரெண்டுலயும் குழந்தைங்க ஒரே மாதிரிதான் தூங்குறாங்க. என் வழியால ஒரு பிரயோஜனமும் இல்லையாம்."

"ஒரே மாதிரியோ? துளி வித்தியாசமும் இல்லையோ?"

"துளியும் இல்லைங்க."

பேர்ணடெட் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா! எங்கயும் பிழை விட்டிட்டமோ எண்டு பயந்துகொண்டு இருந்தனாங்கள் மிஸ். நீங்கள் படிப்பிச்ச றெபேக்காதான், ஞாயிறு பூசை முடிய நீங்கள் விட்டுவைச்ச எங்கள் எல்லாரையும் கோயில் வாங்கில இருத்திவைச்சு அந்தப் படகுப் பயணத்தைச் சொல்லித் தந்தவ. ஒரு சொல்லும் விடாமல்தான் தந்திருக்கிறா!"