நிற்காத சுருள்

"மெஷின் சுருள் உங்க முடிக்கு ஆகாதுக்கா. நுனியெல்லாம் கருகிப் போயிடும்."

முழுப் பொய். சொன்னவளுக்கும் அது தெரியும், பக்கத்து நாற்காலியில் இன்னொருத்திக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவளுக்கும் தெரியும்.

சொன்னவள் அந்த அழகு நிலையத்தில் முடியைச் சுருட்டிவிடும் வேலை பார்ப்பவள். கடையில் அவளுக்குப் பேரே சுருள்காரிதான். கேட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு தெரு தள்ளி, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா.

சுருள்காரி அதோடு விடவில்லை. ஒல்லிக் குச்சியில் வேரிலிருந்து நுனிவரை சுற்றினால் ஸ்பிரிங் ஸ்பிரிங்காகத் தொங்கும், உள்ளே போன சீப்பு வெளியே வராது என்றாள். தடித்த உருளையில் சுற்றினால் வெறும் அலைதான் விழும், சுருள் போட்டதாகவே யாருக்கும் தெரியாது என்றாள். மருந்து மட்டும் தடவிப் போடுகிற சாதாரணச் சுருள்தான் நல்லதாம். ஈரத்தில் இறுகியிருக்கும், காயக் காயத் தளர்ந்து பாந்தமாக நிற்குமாம்.

"அது சீக்கிரம் அவிழ்ந்து போயிடுதேம்மா" என்றார் தையல்காரம்மா.

"போனாப் போகட்டும்கா. முடி நல்லா இருக்கணும்ல."

உருளைகளைச் சூடாக்கிப் போடும் மெஷின் சுருள் அப்படியில்லை. ஈரத்தில் சோம்பலாகக் கிடக்கும். காய்ந்ததும் துள்ளி எழுந்துவிடும். ஒரு வருஷம் ஆனாலும் அசையாது. சாயமே படாத, திடமான தையல்காரம்மாவின் முடிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும். அதைத்தான் சுருள்காரி சொல்லவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரிக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். முடியையும் வெட்டுவாள், பேச்சிலும் வெட்டுவாள். தையல்காரம்மா கிளம்பியதும் கண்ணடித்தாள். "சீக்கிரம் அவிழ்ந்தாத்தானே சீக்கிரம் வருவாங்க. நீ பொழைச்சுக்குவேடி."

சுருள்காரி மறுக்கவில்லை. நிஜக் காரணத்தைச் சொல்வதைவிடப் பேராசைக்காரி என்று பேர் வாங்குவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

அவள் இருப்பது ஒற்றை அறையில். சாயங்காலம் உள்ளே போனால் விளக்கைப் போடும் முன்பே ரேடியோவைப் போடுவாள், அறையில் ஒரு மனிதக் குரல் கேட்கட்டும் என்று. கடையிலோ நாள் முழுக்கத் தலைகள்; ஆனால் உட்காருகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் போனைப் பார்ப்பார்கள்.

தையல்காரம்மா மட்டும்தான் கண்ணாடி வழியே அவள் முகத்தைப் பார்ப்பார். சாப்பிட்டாயா, ஏன் கண் இடுங்கியிருக்கிறது என்று கேட்பார். சுற்றி, மருந்து தடவி, காத்திருந்து, ஒரு சுருளை அவிழ்த்துப் பார்த்து, அலசி முடிப்பதற்குள் மத்தியானம் ஓடிவிடும். அந்த மத்தியானம் முழுக்கப் பேச்சுதான். தன் இடுப்பளவை நம்ப மறுத்து இஞ்ச் டேப்போடு சண்டை போட்ட அம்மாளைப் பற்றி அவர் சொல்லுவார். தோளில் ஒட்டியிருக்கும் நூல் துணுக்குகளை எடுத்துக்கொண்டே இவள் சிரிப்பாள்.

அவருக்கென்ன, துணி கொடுக்கவும் வாங்கவும் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டேயிருப்பார்கள். ஒரு வருஷச் சுருளைப் போட்டுவிட்டால் இந்தப் பக்கம் எதற்கு வரப்போகிறார்?

அடுத்த முறை தையல்காரம்மா வந்த அன்று, காலையிலேயே கத்தரிக்கும் சுருள்காரிக்கும் ஒரு சீப்பை முன்னிட்டுச் சண்டை. சுருள்காரி திரைக்குப் பின்னால் மருந்துக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் பார்த்துக் கத்தரி போட்டு உடைத்துவிட்டாள். மெஷின் சுருள்தான் உங்கள் முடிக்கு ஏற்றது, வருஷம் முழுக்க நிற்கும், சிலர் வேண்டுமென்றே சொல்ல மாட்டார்கள் என்று ஒவ்வொரு வார்த்தையும் திரையைத் தாண்டிக் கேட்டது.

சுருள்காரி வெளியே வந்தாள். தையல்காரம்மா கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"இவ சொல்றது நெஜமா கண்ணு?"

உங்கள் முடி தாங்காது என்று இன்னொரு தடவை சொன்னால் போதும். அவர் நம்பிவிடுவார். வாய்வரை வந்தும்விட்டது.

"நெஜம்தான்கா. நான்தான் பொய் சொன்னேன்."

ஏன் என்று கேட்பார் என எதிர்பார்த்தாள். கேட்கவில்லை.

"சரி, அப்போ அதையே போட்டுவிடு" என்றார் தையல்காரம்மா.

அன்றைக்கு இடுப்பளவும் இல்லை, சிரிப்பும் இல்லை. உருளைகள் சூடேறும் சத்தம் மட்டும் கேட்டது. சுருள்காரி நிதானமாகச் சுற்றினாள். இனி எப்போது பார்க்கப்போகிறோமோ, ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு கற்றையாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். காய்ந்ததும் சுருள்கள் துள்ளி எழுந்தன. அப்படி ஓர் அழகான சுருளை அவள் அதுவரை போட்டதில்லை. கத்தரிகூட வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

வாசல்வரை போய், எல்லாரிடமும் சொல்வதையே இவரிடமும் சொன்னாள்.

"ரெண்டு நாளைக்குத் தலையில தண்ணி படக் கூடாதுக்கா. பட்டா, சுருள் நிக்காது."

தையல்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அது எனக்குத் தெரியாதா கண்ணு? ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா தலைக்குத்தானே ஊத்திக்கிறேன். சாதாரணச் சுருளுக்கு ஒரு தடவை ஊத்தினாப் போதும். இந்த மெஷின் சுருளுக்கு எத்தனை தடவை ஊத்தணும், அதைச் சொல்லு."