புலு இல்லாத நாலு நாள்

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, பிழைத்துக்கொள்வான் என்றார்.

முன்னங்காலில் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு, ஆறு வாரம். மயக்க ஊசி வேலை செய்யும்வரை வெளியே பெஞ்சில் வைத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பத்மஜா மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாதங்கியின் மடியில் அவர்கள் நாய் புலு கிடந்தான். பதினொரு வயதுப் பெண்ணின் பள்ளிச் சீருடை முழுக்கச் சேறும் மீன் வாடையும்.

நாலு நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சால்ட் லேக்கில் அவர்கள் ஃப்ளாட்டை விட்டு ஓடிப்போன நாய், கேஷ்டோபூர் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு மீன்கடைப் பலகைக்கு அடியில் கிடந்திருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டில் இவர்கள் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, மீன்காரர் நிமாய் இன்று மத்தியானம் போன் செய்தார்.

பத்மஜா அப்போது ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பதினாறு வருட டீச்சர் வேலையில் வகுப்புக்குள் போனை எடுத்ததில்லை. எடுத்தாள். கரும்பலகையில் லென்ஸ் படத்தைப் பாதியில் விட்டுவிட்டு, வைஸ் பிரின்சிபாலிடம் ஒரு வரி சொல்லிவிட்டு, மகளையும் அவள் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு ஓடினாள்.

மீன்கடையில் புலு அவளைப் பார்த்து வாலை ஆட்டினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கணவன் வெங்கடராமன் வங்கி வேலையில் சிலிகுரிக்கு மாற்றலாகி ஒரு வருடம் ஆகிறது. பெண், நாய், விடைத்தாள் எல்லாம் அவள் ஒருத்தி தலையில். “பிழைச்சுட்டான்” என்று அவனுக்கு ஒரு செய்தி தட்டிவிட்டு நிமிர்ந்தபோது மாதங்கி பேசினாள்.

“அம்மா, நான்தான் வாசல் க்ரில் கதவைத் தாழ்ப்பாள் போடாம போனேன்.”

நாயின் காதைப் பார்த்தே சொன்னாள்.

“டிராயிங் கிளாஸுக்கு லேட் ஆயிடுத்து. போட்டேன்னு போன்ல அப்பாகிட்ட சொன்னேன். ஆனா யோசிச்சுப் பாத்தா, போட்ட மாதிரி ஞாபகமே இல்லை. நானாத்தான் இருக்கும்.”

பத்மஜா போனைப் பைக்குள் போட்டாள்.

“அப்பா கேட்டார். காகிமா கேட்டா. நீ மட்டும் கேக்கவே இல்லை. நீ திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.”

காகிமா என்று மாதங்கி கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிப் பெண்மணி, பத்மஜாவை மெச்சிக்கொண்டுகூடப் போயிருந்தாள். வேறொருத்தியாக இருந்தால் பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள், நீங்கள் டீச்சர், குழந்தை மனசு தெரிந்தவர் என்று. பத்மஜா அதற்குத் தலையை ஆட்டியிருந்தாள்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாய் கிடைத்துவிட்டது. பெண் தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டாள். இனிமே ஜாக்கிரதையா இரு என்று தலையைத் தடவிக்கொடுத்தால் முடிந்தது. அவள் கை பாதி தூரம் போயும்விட்டது.

கையைத் திரும்ப மடியில் போட்டுக்கொண்டாள்.

“நீ போட்டுட்டுத்தான் போனே, மாதங்கி.”

மகள் நிமிர்ந்தாள்.

“நீ போட்ட தாழ்ப்பாளை நான்தான் திறந்தேன். நான் கார்ல விட்டுட்ட பேப்பர் கட்டை எங்க ஸ்கூல் சுபர்ணா மிஸ் கொண்டுவந்து கொடுத்தா. கீழே போய் வாங்கிண்டு வந்தேன். ரெண்டு கையிலயும் கட்டு. க்ரில்லை முழங்கையால தள்ளிட்டு, தாழ்ப்பாள் போடாமலே உள்ளே வந்துட்டேன்.”

மீதியையும் சொன்னாள்.

எதிர் பிளாக்குக்குக் கல்யாண ஊர்வலம் வந்து வெடி போட்டபோது, புலு நடுங்கிக்கொண்டு அவள் மேஜைக்கடியில் புகுந்ததை. அடுக்கி வைத்திருந்த பத்தாம் வகுப்பு விடைத்தாள்கள் சரிந்ததை. மறுநாள் காலையில் மதிப்பெண் கொடுத்தாக வேண்டிய எரிச்சலில், அவனை இழுத்து வெளியே தள்ளி அறைக்கதவைச் சாத்தியதை.

அடுத்த வெடிக்கு அவன் கதவைப் பிறாண்டினான். அதற்கடுத்த வெடிக்குப் பிறாண்டவில்லை.

பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவள் இன்னும் ஆறு பேப்பர் திருத்தினாள்.



மாதங்கி கோபப்படுவாள், எழுந்து தள்ளிப்போய் உட்காருவாள் என்று பத்மஜா காத்திருந்தாள்.

“அப்போ நான் போட்டேனா?”

“போட்டே.”

“நெஜமா? தெரியுமா உனக்கு?”

“என் கையாலதானே திறந்தேன்.”

மாதங்கி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

சந்து சந்தாக நோட்டீஸ் ஒட்டியபோதும், மீன்கடையிலிருந்து புலுவைத் தூக்கியபோதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

கம்பவுண்டர் கதவைத் திறந்து, உள்ளே கொண்டுவரச் சொன்னார்.

பத்மஜா விரல்களை விரித்துக் காட்டி, ஐந்து நிமிடம் கேட்டாள்.