ஓர் எழுத்துப் பிழை

“எங்க மாமாவுக்கு ஒரே ஒரு கேள்வி” என்று நான்சி மைக்கைப் பிடித்ததுமே கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

சிரிக்காமல் என்ன செய்யும்? கன்னிவாடி அந்தோணியார் திருவிழாப் பட்டிமன்றத்தில் அந்தப் பக்கம் கொழுந்தியாள், இந்தப் பக்கம் அக்கா புருஷன். தலைப்பு என்னவோ பெரிய தலைப்புதான்: நட்பு நாட்டின் பதிலடி நியாயமா, அநியாயமா? சனங்களுக்கு வேண்டியதெல்லாம் மாமன் கொழுந்தியாள் சண்டை.

மாமன் பாக்கியராஜ் ‘நியாயமே’ அணி. வேறு எங்கே இருப்பார்? நம் நட்பு நாடு எல்லை தாண்டிப் போய் எதிரியின் குடிநீர் நிலையத்தில் குண்டு போட்ட நாளிலிருந்து மனிதர் கால் தரையில் பாவவில்லை. டீக்கடையில் அதே பேச்சு. செல்போன் ஸ்டேட்டஸில் அந்த நாட்டுக் கொடி. “வச்சான் பாருய்யா ஆப்பு!” என்று பேப்பரைப் பார்த்து அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது.

முன்வரிசையில், பதிலடியை ஆதரித்த கட்சியின் மாவட்ட நிர்வாகி வேலுசாமி, மடியில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார்.

“அடிச்சு ஆடுங்க தம்பி. வர்ற தேர்தல்ல மாவட்டம் பூரா மேடை உங்களுக்குத்தான்” என்று மேடையேறும் முன்பே கையைப் பிடித்து அழுத்தியிருந்தார்.

காதுகுத்து, கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்த் தொண்டை கிழியக் கத்திய பாக்கியராஜுக்கு, இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை வருஷக் காத்திருப்பு! மனசு கிடந்து குதித்தது.

நான்சி கேள்விக்கு வந்தாள்.

“பக்கத்துக் காட்டுக்காரன் நம்ம வேலியப் பிச்சுப்புட்டான். நாலு சாத்து சாத்துங்க, நான் வேணாங்கல. அதுக்குன்னு அவன் கெணத்தையா போயி மூடுவீக? நம்ம ஊர்ல போர் போட்டா தண்ணி வரணும் மாமா. உங்க ஆளு போட்ட போர்ல இருந்த தண்ணியும்ல போச்சு!”

அவ்வளவுதான். விசில் பறந்தது. துண்டு பறந்தது. எத்தனை ஆழத்துக்குப் போர் போட்டாலும் புகையை மட்டுமே பார்த்த சம்சாரிகள் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பாக்கியராஜும் சிரித்தார். பாவி மகள், என்ன போடு போடுகிறாள்!

அடுத்து அவர் முறை.

எழுந்தார். இடி மாதிரி ஆரம்பித்தார். “அடிக்கிறவன் கையப் பார்த்துக்கிட்டு நிக்கிறதுக்குப் பேரு பொறுமை இல்ல, கோழைத்தனம்!” என்றபோது கூட்டம் இவர் பக்கம் சாய்ந்தது. “நண்பனை ஒருத்தன் தொட்டால் நம்மைத் தொட்ட மாதிரி” என்றபோது வேலுசாமி தொடையில் தட்டினார். உடம்பெல்லாம் சூடேறியது. சொல் வந்து வந்து விழுந்தது. இப்படி ஒரு நாள் அமைய வேண்டுமே!

அடுத்துதான் அந்த இடம். கண்ணாடி முன் நின்று பாடம் பண்ணிய இடம். எதிரி நாட்டின் குடிநீர் நிலையத்தை நம் நண்பன் நொறுக்கினானே, அதைச் சொல்லி, ‘தொண்டையிலேயே விழுந்த துல்லியமான அடி’ என்று முடிக்க வேண்டும். கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

“குடிநீர்…” என்றார்.

செல்போனில் வந்திருந்த அந்தப் படம் கண் முன்னால் வந்தது. உடைந்த தொட்டி. அதைத்தான் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். படத்தின் ஓரத்தில் பொம்பளைகள் வரிசையாக நின்றார்கள், கையில் காலி கேன்களோடு. அனுப்பும்போதே அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். இவர்தான் பார்க்கவில்லை.

காலையில் வீட்டு வாசலில் தண்ணீர் லாரிக்காகக் கேன் வைத்து இடம் பிடித்துவிட்டு வந்தவர் அவர்.

சட்டென்று அந்த இடத்தைத் தாண்டிக் குதித்து வேறு எதையோ பேசினார். அதற்கும் கை தட்டினார்கள். பேச்சு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இவர் மட்டும் பின்தங்கிவிட்டார். இம்புட்டு நாளும் நாம் பேசியது நாம் நினைத்ததுதானா, இல்லை கை தட்டலுக்காக வந்ததா? மேடையிலா இந்தச் சந்தேகம் வர வேண்டும்!

நடுவர் அப்துல் லத்தீப் மணியடித்தார்.

பாக்கியராஜ் கையை உயர்த்தினார். முடிக்கிற வரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

“எனவே நடுவர் அவர்களே, நட்பு நாட்டின் பதிலடி அநியாயமே, அநியாயமே என்று கூறி…”

சிரிப்பு வெடித்தது பாருங்கள், அம்மாடி! நாற்காலியிலிருந்து விழுந்தவர்கள்கூட உண்டு. கொழுந்தியாளைப் பார்த்ததும் மாமனுக்கு நாக்குக் குழறிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். வேலுசாமியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போர்த்துவதற்காகப் பொன்னாடையைப் பிரித்தபடியே எழுந்துவிட்டார்.

நான்சி மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய மனசோடு சொன்னார்: “பாதகமில்ல அப்பு. ஒரே ஒரு எழுத்து கூடிப்போச்சு. அதைத் திருத்திச் சொல்லிட்டு உக்காருங்க.”

திருத்தினால் போதும். பொன்னாடை வந்துவிடும். மாவட்டம் பூரா மேடை வந்துவிடும். ஓர் எழுத்துதானே!

பாக்கியராஜுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதையும் மீறி, முதல் முறை மேடையேறிய நாளில் வந்த அந்தத் துள்ளல் நெஞ்சுக்குள் வந்திருந்தது. மைக்கை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டார்.

“கூடலைங்கய்யா. இம்புட்டு நாளா அந்த எழுத்துதான் கொறஞ்சு கெடந்துச்சு.”